வைர பிட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள்

டைல்ஸ், கிரானைட், கண்ணாடி ஆகியவற்றில் துளை போடுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாதிக் கடிதங்கள் ஏதோ ஒன்று உடைந்த பிறகு எழுதப்பட்டவை.

கேள்வி: புது வீட்டின் குளியலறைச் சுவரில் துண்டு போடும் கம்பி மாட்ட நினைத்தேன். டிரில்லில் கான்கிரீட் பிட்டை (துளையிடும் அலகை) மாட்டி எவ்வளவு அழுத்தியும் டைல்ஸின் பளபளப்புகூடப் போகவில்லை. பிட்டின் முனைதான் பழுத்துப் போனது. பொறுமை இழந்து டிரில்லை ஹேமருக்கு, அதாவது சுற்றிக்கொண்டே அடிக்கும் முறைக்கு, மாற்றினேன். டைல்ஸ் குறுக்காக விரிசல் விட்டுவிட்டது. கடைக்காரர் வைர பிட் வாங்கச் சொல்கிறார். அவசியமா, வியாபாரப் பேச்சா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அவசியம்தான். ஆனால் பிட்டைப் பார்க்கும் முன் டைல்ஸைப் பாருங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய துண்டு மொட்டை மாடியில் எங்காவது கிடக்கும். அதைக் கவிழ்த்து முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக்கொண்டால் செராமிக், சொட்டு அப்படியே நின்றால் விட்ரிஃபைட். செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். விட்ரிஃபைட் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. அந்த அளவுக்கு இடைவெளியே இல்லாமல் வெந்து இறுகிய பொருள் அது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் சுவரில் இருப்பது விட்ரிஃபைட்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்துக்கு 10, குவார்ட்ஸுக்கு 7. விட்ரிஃபைட் டைல்ஸ் ஏறத்தாழ அந்த 7க்குப் பக்கத்தில் நிற்கிறது. கான்கிரீட் பிட்டின் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் கார்பைடோ 9ஐ ஒட்டியது. கடினமான பிட் ஏன் தோற்றது? அது வெட்டுவதற்காகத் தீட்டப்பட்டது அல்ல. மொட்டை உளி போல அடித்து நொறுக்குவதற்காகச் செய்யப்பட்டது. ஹேமர் இல்லாமல் சுற்றினால் அது வெறுமனே தேய்ந்து சூடாகும். ஹேமரோடு சுற்றினால் நொறுக்கும். சுவர் அந்த அடியைத் தாங்கும், டைல்ஸ் தாங்காது. உங்களுக்கு இரண்டும் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன.

வைர பிட் இந்த இரண்டையும் செய்வதில்லை. அது அரைக்கிறது. உள்ளீடற்ற குழாயின் வாயில் வைரத் துகள்கள் ஒட்டியிருக்கும்; அவை வளையமாக அரைத்துக்கொண்டே போக, நடுவில் வில்லை ஒன்று மிஞ்சும். ஆகவே கடையில் கேட்க வேண்டியது ‘வைரம் இருக்கிறதா’ என்பதல்ல, ‘வைரம் எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது’ என்பது. மூன்று வழிகள் உண்டு. மலிவானவற்றில் நிக்கல் முலாம் பூசி ஒரே ஒரு அடுக்குத் துகளைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த அடுக்கு உதிர்ந்தால் பிட்டின் ஆயுள் முடிந்தது. அடுத்தது வெற்றிடச் சூளையில் உலோகத்தை உருக்கிப் பற்றவைத்தது. இதிலும் ஒரே அடுக்குதான், ஆனால் துகள் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பிடிப்பும் பலமானது. கடையில் ‘பிரேஸ்டு’ என்று கேளுங்கள். மூன்றாவது, உலோகப் பொடியோடு வைரத்தைக் கலந்து அழுத்திச் சுட்டெடுத்தது, ‘சின்டர்டு’ என்பார்கள். மேல் அடுக்கு தேயத் தேய அடுத்த அடுக்கு வெளியே வரும். தினமும் துளை போடுகிறவருக்கு உரியது, விலையும் அப்படியே.

உங்களுக்கு நாலைந்து துளைதான். பிரேஸ்டு பிட் ஒன்று, திருகைப் பிடிக்கச் சுவரில் செருகும் பிளக்கைவிடச் சற்றே பெரிய அளவில், போதும். ஏன் பெரிது என்றால், திருகு இறங்கும்போது பிளக் விரியும். அந்த விரிவு டைல்ஸின் விளிம்பை நெருக்கினால் இன்று இல்லாவிட்டாலும் அடுத்த கோடையில் விரிசல் விடும். பிளக் டைல்ஸைக் கடந்து சுவருக்குள் முழுதாகப் போய் உட்கார வேண்டும்.

ஹேமரை அணைத்துவிடுங்கள். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிட்டை நேராக வைத்தால் பனிக்கட்டியில் நடப்பதுபோல வழுக்கும். சற்றுச் சாய்த்து வைத்து, பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். உதவிக்கு ஒருவர் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நிற்கட்டும். சில நொடிகளுக்கு ஒரு முறை பிட்டை லேசாகப் பின்னுக்கு இழுத்துத் தண்ணீர் உள்ளே போக விடுங்கள். டைல்ஸைத் தாண்டியதும் வைர பிட்டுக்கு ஓய்வு. ஈரத்தைத் துடைத்துவிட்டு, பின்னால் இருக்கும் செங்கலுக்கு உங்கள் பழைய கான்கிரீட் பிட்டை மாட்டுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழாய்க்கும் சுவிட்சுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். சுவருக்குள் பைப்பும் வயரும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். இதை நான் ஈரமான சட்டையோடு கற்றுக்கொண்டேன்.

கேள்வி: ஈட்டி முனை பிட் என்று ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பழைய செராமிக் சுவர் டைல்ஸுக்குத் தாராளமாகப் போதும். கூரான கார்பைடு நுனி மேலே உள்ள மினுமினுப்புப் பூச்சைக் கீறிவிட்டால், உள்ளே இருப்பது மென்மையான சுட்ட மண்தான். விட்ரிஃபைட் என்றால் ஒரு துளைக்கு ஒரு பிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் அது மலிவு இல்லை.

கேள்வி: சமையலறை மேடை கறுப்பு கிரானைட். தொட்டிக்குப் பின்னால் புதுக் குழாய்க்கு 35 மி.மீ. துளையும், குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் சிறு குழாய்க்கு 12 மி.மீ. துளையும் வேண்டும். மேஸ்திரி கேட்கும் கூலிக்கு இரண்டு பிட் வாங்கிவிடலாம் போலிருக்கிறது. நானே செய்யலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 12 மி.மீ. துளையை நீங்களே போடலாம். 35 மி.மீ. துளைக்கு, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு கல் மிச்சம் இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். தொட்டிக்காக ஏற்கெனவே பெரிய சதுரம் வெட்டி எடுத்த கல் அது. பின்னால் நிற்கும் அந்தக் குறுகிய பட்டைதான் மேடையிலேயே பலவீனமான இடம். அதன் நடுவில் 35 மி.மீ. போன பிறகு இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குக் கல் இல்லை என்றால் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். விரிசல் விட்டால் மாற்ற வேண்டியது முழு மேடை. அதோடு ஒப்பிட்டால் அவர் கேட்கும் கூலி சில்லறை.

இடம் இருக்கிறது என்றால் வேகத்தைக் கவனியுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இதில்தான். 6 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றினால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு 28 மீட்டர் ஓடுகிறது. அதே 1,500 சுற்றில் 35 மி.மீ. பிட்டின் விளிம்பு 165 மீட்டர் ஓடும். பிட் பெரிதானால் சுற்றைக் குறைக்க வேண்டும். 35 மி.மீ. பிட்டுக்கு 500 சுற்று அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு டிரில்லில் விசையை முழுதாக அழுத்தினால் 2,800க்குப் பக்கத்தில் போய்விடும். வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாத டிரில் என்றால் இந்த வேலைக்கு ஆகாது.

மேடை படுக்கையாக இருப்பது உங்களுக்கு வசதி. சப்பாத்தி மாவை உருட்டிக் குறித்த இடத்தைச் சுற்றி வரப்புக் கட்டுங்கள். உள்ளே ஒரு விரற்கடைத் தண்ணீர் நிற்கட்டும். வில்லையைத் தவிர எல்லாம் சேறாக வெளியே வரும். சேறு வெள்ளையாக, பால்போல வந்தால் பிட் அரைக்கிறது என்று அர்த்தம். சேறு வராமல் கீச்சென்று சத்தம் மட்டும் வந்தால் நிறுத்துங்கள். துகள் மழுங்கிவிட்டது அல்லது அழுத்தம் தவறு.

சின்டர்டு பிட்டில் இது அடிக்கடி நடக்கும், அதற்குக் காரணமும் உண்டு. மேலே உள்ள உலோகம் தேய்ந்தால்தான் புது வைரம் தலைகாட்டும். நுண்மணியாக இறுகிய கல் அந்த உலோகத்தைத் தேய்க்காமல் மெருகேற்றிவிடும். பிட்டின் வாய் கண்ணாடிபோலப் பளபளக்கும், வைரம் உள்ளேயே உறங்கும். கடினமான கல்லுக்கு மென்மையான உலோகப் பிடிப்பு, சொரசொரப்பான கல்லுக்குக் கடினமான பிடிப்பு என்று தயாரிப்பாளர்கள் தலைகீழாகக் கணக்குப் போடுவது இதனால்தான். மெருகேறிய பிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஈரச் செங்கல்லிலோ சாணைக்கல் துண்டிலோ சில துளை போட்டால் உலோகம் தேய்ந்து மறுபடி வெட்டத் தொடங்கும். முலாம் பூசிய பிட்டில் இந்த வைத்தியம் செய்தால் இருக்கிற ஒரே அடுக்கும் போய்விடும்.

கல்லின் அடிப்பக்கம் வரும்போது அழுத்தத்தை விட்டுவிடுங்கள், அடியில் பலகையை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடியில் பெரிய சில்லு பெயரும். மின்சாரமும் தண்ணீரும் ஒரே மேடையில் இருப்பதால் பேட்டரி டிரில் நல்லது. வயர் உள்ள டிரில்தான் என்றால், வீட்டில் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆங்கிள் கிரைண்டரில் (கல்லை வெட்டவும் தேய்க்கவும் உதவும் கைக்கருவி) மாட்டித் தண்ணீர் இல்லாமல் போடும் பிட்டும் உண்டு; உள்ளே மெழுகு வைத்திருப்பார்கள். அதை வாங்குவதானால் பிட்டைத் திருகி மாட்டும் மறையின் அளவைப் பாருங்கள். நம் ஊரில் 4 அங்குல கிரைண்டர்கள் பெரும்பாலும் எம்10 மறை, இந்த பிட்டுகளில் பல எம்14. வாங்கி வந்த பிறகு இரண்டும் சேராது. இன்னொன்று, உலர்ந்த கிரானைட் தூளில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பு ஆகாது, என்95 முகக்கவசம் போடுங்கள்.

உங்கள் மேடை கிரானைட் இல்லாமல் கடப்பாக் கல்லாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அது சுண்ணாம்புக் கல். கார்பைடு பிட்டே போதும். மார்பிளும் அப்படித்தான்.

கேள்வி: கண்ணாடி அலமாரித் தட்டில் ஒயர் போக 10 மி.மீ. துளை போட வேண்டும். எந்த பிட்? (வாசகி, சென்னை)

பதில்: முதலில் தட்டின் நாலு மூலைகளையும் உற்றுப் பாருங்கள். சிறிய எழுத்தில் ‘டஃபன்ட்’ அல்லது ‘டெம்பர்டு’ என்ற முத்திரை இருந்தால் எந்த பிட்டும் வேண்டாம். அந்தக் கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, மேற்பரப்பை இறுக்கமாகவும் உள்ளே இழுவிசையோடும் வைத்திருக்கிறார்கள். துளை அந்தச் சமநிலையைக் குலைத்த கணமே முழுத் தட்டும் கற்கண்டுபோல உதிரும். அதில் துளை வேண்டுமென்றால் பதப்படுத்துவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாததை மட்டும் நம்பியும் இறங்காதீர்கள். ‘போலரைஸ்டு’ என்று விற்கும் குளிர்கண்ணாடி அணிந்து பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். திட்டுத்திட்டாகவோ கோடுகோடாகவோ நிழல் தெரிந்தால் அது பதப்படுத்தியது. மீன்தொட்டிகளின் அடிக் கண்ணாடியும் பல நேரம் இந்த வகைதான்.

சாதாரணக் கண்ணாடி என்றால் அது மோஸ் வரிசையில் 5.5 அளவுதான், கிரானைட்டைவிட மென்மை. முலாம் பூசிய மலிவு பிட்டே அழகாகப் போடும். துகள் நுண்ணியதாக இருந்தால் விளிம்பு சுத்தமாக வரும். தட்டின் அடியில் சமமாகப் பலகை வைத்து, தண்ணீர் தேங்க விட்டு, டிரில்லின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல் பாதி ஆழம் வரை போங்கள். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். விளிம்பிலிருந்து கண்ணாடியின் தடிமனைப் போல இரண்டு மடங்காவது உள்ளே தள்ளியிருக்கட்டும்.

ஒரே ஒரு துளை என்றால் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குத்தான் போவேன்.

கேள்வி: இணையத்தில் பதினைந்து அளவுகள் கொண்ட வைர பிட் பெட்டி வாங்கினேன். முதல் துளையிலேயே துகள் உதிர்ந்துவிட்டது. போலியா? புகார் செய்யலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: உதிர்ந்த பிட்டின் நிறம் என்ன? வாய் நீலமாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், மன்னிக்கவும், அதைச் சுட்டது நீங்கள்தான். வைரம் என்பது கரிதான்; காற்றில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கெடத் தொடங்கும். தண்ணீர் இல்லாமல் விட்ரிஃபைட்டில் அழுத்தினால் விளிம்பு தாங்காது. நிறம் மாறாமல், சரிகைத் தாள்போல ஒரே ஏடாகப் பெயர்ந்து வந்திருந்தால் முலாம் மோசம். படம் எடுங்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பெட்டியில் இறக்குமதியாளர் அல்லது தயாரிப்பாளரின் பெயர், முகவரி, அதிகபட்சச் சில்லறை விலை, எந்த நாட்டில் செய்தது என்ற விவரங்கள் இருக்க வேண்டும். விற்றவர் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இத்தனையும் சில நூறு ரூபாய்க்காகவா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பில்லை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த முறை பெட்டியாக வாங்காதீர்கள். பதினைந்தில் நீங்கள் தொடப்போவது 6, 8, 12 என்ற மூன்றைத்தான். அந்தப் பணத்தில் நல்ல பிட் இரண்டு வரும். வாங்கும்போது வாயின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் துகள் சீராக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சேறு வெளியேறப் பக்கவாட்டில் வெட்டு இருக்க வேண்டும்.

கேள்வி: இந்த விலைக்கு உண்மையிலேயே வைரமா வைக்கிறார்கள்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: வைரம்தான், சுரங்கத்தில் எடுத்தது அல்ல. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் கரியை அதீத அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து வைரமாக்கினார்கள். அதன் வாரிசுகள்தான் இன்று பிட்டிலும் கல் அறுக்கும் பிளேடிலும் ஒட்டியிருக்கின்றன. பொடி, மஞ்சள் நிறம். அடகுக் கடையில் எடுபடாது.

கேள்வி: துளை போட்டதும் கல் வில்லை பிட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. தரையில் தட்டினால் வருகிறது. சரிதானே? (வாசகர், ஓசூர்)

பதில்: தட்டாதீர்கள். பக்கவாட்டு வெட்டு வழியாக ஓர் ஆணியை விட்டு வில்லையை நெம்பித் தள்ளுங்கள், வராவிட்டால் பிட்டைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். தட்டித் தட்டி வாய் நெளிந்த பிட் அடுத்த துளையை முட்டை வடிவில் போடும், குழாயின் வளையம் அதை மூடாது.