அவதார் இரண்டாம் பாகம்: 13 வருடம் காத்திருந்தது வீணா?

கேள்வி: 'அவதார்' இரண்டாம் பாகம் அவ்வளவு காத்திருப்புக்குத் தகுமா? 3டியில் மங்கல், தலைவலி என்கிறார்களே? நாகர்கோவிலில் பார்க்கவா, திருவனந்தபுரம் போகவா?

தகும். கதைக்காக இல்லை, தண்ணீருக்காக. 'இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனின் பக்தன்' என்று என்மேல் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். செத்த வில்லனையே நீல உடம்பில் எழுப்பிக் கொண்டுவந்தது சோம்பேறித்தனம்தான். நாயகனின் பிள்ளைகளை எத்தனை தடவைதான் பிடித்துக் கட்டுவார்கள்? 3 மணி 12 நிமிடத்தில் அரை மணி நேரத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

ஆனால் குளச்சல், கடியபட்டணம் பக்கம் சிப்பி எடுக்க முங்குகிறவர்களைப் பார்த்த கண்ணுக்கும் அந்த நீச்சலில் பொய் தெரியாது. நடிகர்களைக் கம்பியில் தொங்கவிட்டு எடுக்காமல், பெரிய தொட்டியில் நிஜமாகவே மூச்சடக்கி முங்கவைத்து அசைவைப் பதிவு செய்தார்கள். கையைத் தண்ணீர் எதிர்த்துத் தள்ளுவதைக் காற்றில் நடித்துக் காட்ட முடியாது. சிலிண்டர் கட்டினால் குமிழி வரும், உடம்பில் ஒட்டிய அடையாளப் புள்ளி எது, குமிழி எது என்று கேமரா குழம்பும். மேலே எரியும் விளக்கு நீர்ப்பரப்பில் நெளிந்து கெடுக்காமலிருக்க, பரப்பு முழுக்கச் சின்ன வெள்ளைப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். ஆள் தலை தூக்கினால் பந்து தானே விலகும். கேட் வின்ஸ்லெட் 7 நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கினார். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குச் சும்மா வரவில்லை.

தலைவலிக்குப் பாதிப் பொறுப்பு படத்துக்கு. வசதியுள்ள அரங்கில் சில காட்சிகள் நொடிக்கு 48 பிரேமில் ஓடும். மற்றவை, ஒரே பிரேமை இரண்டு தடவை காட்டி, வழக்கமான 24 போலவே தெரியும். அது மாறுகிற இடத்தில் கண்ணுக்கு ஒரு உதறல்.

மீதி தியேட்டர் பாடு. 2டிக்குத் திரை வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 3டியில் புரொஜெக்டரின் வடிகட்டியும் நாம் போடும் கண்ணாடியும் தின்றது போக மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிய காரியம். புரொஜெக்டர் லேம்ப் பழசானால் அதுவும் இல்லை. பல இடங்களில் 3டிக்கு வெள்ளிப்பூச்சுத் திரை இருக்கும், அது நடுவில் பளிச்சிடும், ஓரத்தில் இருண்டுவிடும். ஆகவே ஓர சீட் வேண்டாம், நடுவில், பின்பக்கமாக எடுங்கள். தலையைச் சாய்த்துப் பார்க்காதீர்கள், இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரும் பிம்பங்கள் மேல்கீழாக விலகும், கண் அதை இழுத்துச் சேர்க்கப் பார்க்கும், வலி அங்கேதான் தொடங்கும். கண்ணாடியை வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீறல் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். கீறல் கண்ணாடிக்குத் தனிக் காசு பிடுங்குவது எந்த ஊர் நியாயமோ!

திருவனந்தபுரம் பெரிய திரைக்குப் போகலாம்தான், 70 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டுவதற்குள் படத்தில் பாதி ஓடிவிடும். மேம்பாலம் கட்டியும் கீழே அதே கூட்டம், இதை யாரிடம் சொல்ல? போவதாக இருந்தால் ஷோவுக்கு மூன்று மணி நேரம் முன்னே கிளம்புங்கள். இல்லையென்றால் நாகர்கோவிலிலேயே நல்ல லேம்ப் உள்ள தியேட்டரில் 2டியில் பாருங்கள். மங்கலான 3டியைவிட அதில் கடல் நன்றாகத் தெரியும்.