வேலைக்காக வெளிநாடு, வீட்டில் பிள்ளைகள்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

மீன் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பகுதியில் இருக்கிறேன். சிங்கப்பூர், துபாய், ஐரோப்பா என்று வேலைக்காகப் போய் வருவது வழக்கம். வீட்டில் எட்டு வயது மகள், நாலு வயது மகன், கணவர், என் அம்மா. திருகோணமலையில் இருந்துகொண்டு இப்படி ஓடுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் விசா முகவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உவர்மலையிலிருந்து ஒரு அப்பா: முதல் தடவையாக கம்பனி சிங்கப்பூருக்கு அனுப்புகிறது. ஐந்து நாள். விசா எடுக்க வேண்டுமா?

வேண்டாம், தம்பி. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முப்பது நாள் வரை விசா இல்லாமல் விடுகிறார்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம். காசு கேட்கிற இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். சூயிங்கம், இ-சிகரெட், வாயில் போடும் புகையிலை எதுவும் பையில் இருக்கக்கூடாது. சிகரெட்டுக்கு அங்கே வரிச்சலுகையே இல்லை, ஒரு பெட்டி என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். மாமனாரின் வெற்றிலைப் பையை இரவல் வாங்கிக்கொண்டு போகிற ஆட்களும் நம்மிடம் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

பாலையூற்றிலிருந்து: விமானம் அதிகாலை மூன்று மணிக்கு. வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்? இரவு எட்டுக்கு வான் பிடித்தால் சரியா?

சரியில்லை. கந்தளாய் தாண்டி ஹபரணை வரையான பாதையை இருட்டில் ஓடாதீர்கள். அங்கே யானை ரோட்டுக்கு வருவது எப்போதோ நடக்கிற விஷயம் இல்லை. இருட்டில் அதன் நிறமும் ரோட்டின் நிறமும் ஒன்றுதான், பக்கத்தில் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ரயிலையே அது விட்டுவைக்கவில்லை. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன மீனகயா ரயில் ஹபரணைப் பக்கத்தில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது, ஆறு யானைகள் செத்துப்போயின.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு வெளிக்கிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஹபரணை, தம்புள்ளை தாண்டிவிடலாம். குருணாகலில் ஆறுதலாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனாலும் கட்டுநாயக்காவில் உட்கார்ந்திருக்க நேரம் மிஞ்சும். மிஞ்சட்டும்.

காலை விமானம் என்றால் முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. மாலை விமானம் என்றால் முதல் நாள் இரவு ரயிலில் போகலாம். கொழும்புக் கோட்டை வரை போய் 187 பஸ்ஸில் திரும்பி வருவதைவிட வேயங்கொடையிலோ கம்பஹாவிலோ இறங்கி ஓட்டோ பிடித்தால் விமான நிலையம் கிட்ட. வண்டி அங்கே நிற்குமா என்று மட்டும் டிக்கெட் எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலாவெளியிலிருந்து: பவர் பேங்க்கை சூட்கேஸில் வைக்கலாமா?

கூடாது. கைப்பையில்தான்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: பார்சிலோனாவில் கடலுணவுக் கண்காட்சி, ஏப்ரல் கடைசியில். மகனுக்கு ஆறு வயது. ஒவ்வொரு நாளும் எந்நேரம் பேசலாம்? உம்மாதான் பிள்ளையைப் பார்ப்பார்.

தங்கச்சி, நல்ல கேள்வி. அந்த நேரத்தில் ஸ்பெயின் நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால் இருக்கும் (குளிர்காலம் என்றால் நாலரை). கணக்குப் போட்டுப் பாருங்கள். மகன் காலையில் பள்ளிக்கு வெளிக்கிடும்போது உங்களுக்கு விடியப்புறம் மூன்று மணி. பள்ளி விட்டு ஒன்றரைக்கு வீட்டில் இருக்கும்போது உங்களுக்குப் பத்து, கண்காட்சி வாசல் திறந்து வாங்குவோர் வரத் தொடங்கியிருப்பார்கள். ஆறு மணிக்குக் கண்காட்சிக் கடையை மூடிவிட்டு நிமிர்ந்தால் இங்கே ஒன்பதரை, பிள்ளை நித்திரை.

அதனால் இரவு நேரத்தை மறந்துவிடுங்கள். அங்கே பிற்பகல் மூன்று மணியளவில் கூட்டம் கொஞ்சம் தளரும். இங்கே ஆறரை. குளித்து, மஃரிப் தொழுகையும் முடிந்து, பிள்ளை வீட்டில் இருக்கிற நேரம். கூட இருப்பவரிடம் பத்து நிமிடம் கடையைக் கொடுத்துவிட்டு அந்த நேரத்தைப் பிடியுங்கள். தினமும் ஒரே நேரம், பத்து நிமிடம் போதும். ஒரு நாள் முடியாது என்று முன்பே தெரிந்தால் முதல் நாளே சொல்லுங்கள். உம்மாவின் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கு, வராத அழைப்பு பொல்லாதது.

"பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒண்டும் இல்ல" என்றுதான் பதில் வரும். கேட்காமல் காட்டுங்கள். ஹோட்டலின் குளியல் தொட்டி, லிப்ட், காலைச் சாப்பாட்டு மேசையில் இருக்கிற பெரிய மீன். என் மகன் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் லிப்டின் பொத்தான்களை மட்டும் எண்ணி முடித்துவிட்டு, போகிற போக்கில்தான் சொன்னான், சுற்றாடல் பாடத்துக்கு அக்கா வாசலில் வளர்த்த பயற்றஞ்செடியை மான் வந்து தின்றுவிட்டது என்று. திருகோணமலைப் பட்டணத்துத் தெருக்களில் திரிகிற மான்களுக்கு யாருடைய வாசலும் வாசல்தான்.

இன்னொன்று, உம்மாவுக்கு வீடியோ அழைப்பை முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். என் அம்மா இன்றைக்கும் போனைக் காதில்தான் வைப்பார். துபாயில் இருந்து நான் பார்ப்பதெல்லாம் அவருடைய தோடும் ஒரு கற்றை நரைமுடியும்தான்.

விசாவைப் பற்றி ஒரு வரி. ஸ்பெயின் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி பதினைந்து நாள் வரை இழுக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டும், அதற்கும் பகலிலேயே போங்கள்.

மூதூரிலிருந்து: இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பிரதேச செயலகத்தில் குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டும் என்கிறார்களே. நான் ஐந்து நாள் பயிற்சிக்குத்தான் போகிறேன்.

அது வெளிநாட்டு வேலைக்கு, முக்கியமாக வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களுக்காக 2013இல் வந்த நடைமுறை. பிறகு அதில் மாற்றங்களும் வந்தன. கம்பனி அனுப்பி, பயிற்சி முடித்துத் திரும்பி வருகிற உங்களை அதற்குள் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. அழைப்புக் கடிதம், கம்பனிக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட் மூன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வேலைக்கே போகிறவர் என்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை.

மட்டிக்களியிலிருந்து: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்...

கைப்பையில். அது 74 வாட் மணி, 100 வரை அனுமதி. மேலே பதில் இருக்கிறது.

திருக்கடலூரிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு மூன்று வயது. சொன்னால் அழுவாள் என்று, நித்திரையாக இருக்கும்போது ஓசைப்படாமல் போய்விடலாம் என்று மாமி சொல்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். கண் முழித்துப் பார்க்கும்போது அம்மா இல்லை என்றால், நித்திரை கொண்டால் ஆட்கள் காணாமல் போவார்கள் என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும். பிறகு நீங்கள் திரும்பி வந்த இரவிலும் அது கண்ணை மூடாது. உங்கள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசல் வரை வரும்.

முதல் நாள் மாலையில் சொல்லுங்கள். ஒரு கிழமை முன்பே சொன்னால் மூன்று வயதுக்கு அது தாங்காது. "ஐந்து நாள்" என்பதும் விளங்காது. "வெள்ளிக்கிழமை அம்மம்மாவோடு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவாய், அதுக்குப் பிறகு ரெண்டு தரம் நித்திரை, அம்மா வந்திடுவன்" என்றால் விளங்கும். அழுவாள். அழட்டும்.

இந்தப் பதிலுக்கு அன்புவழிபுரத்திலிருந்து ஒரு அம்மம்மா கோபமாக எழுதினார்: *பயணம் வெளிக்கிடும்போது பிள்ளை அழுவது சகுனமா? அழவைத்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், தேற்றுகிறவள் நான்தானே?*

இரண்டாவது பாதி நியாயம், அம்மா. அதனால்தான் முதல் நாள் சொல்லச் சொல்கிறேன். அழுகை தாயின் மடியிலேயே முடியட்டும், மிச்சம்தான் உங்களுக்கு வரட்டும். வெளிக்கிடும் நேரத்தில் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் சூட்கேஸை வாசல் வரை உருட்டி வருவது மகனின் பொறுப்பு. வேறு யாராவது தொட்டால்தான் அழுகை வரும்.

சீனக்குடாவிலிருந்து ஒரு அப்பா: *நான் விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டால் பிள்ளையை எழுப்பவா?*

எழுப்ப வேண்டாம். இரவே சொல்லியாயிற்று என்றால் அது ஒளித்துப் போவது ஆகாது. நாலு மணி என்கிறீர்கள், எந்த ரோட்டால்? கந்தளாய்ப் பாதை என்றால் விடிந்த பிறகு வெளிக்கிடுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு நேர்சரி ஆசிரியை: *என் வகுப்பில் ஒரு பிள்ளை, அம்மா சொல்லாமல் போய் வந்த பிறகு, தினமும் மதியம் "அம்மா வீட்ட நிப்பாவா" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சப்பாத்துப் போடும்.*

அந்தக் கேள்வியைத்தான் நான் சொல்ல வந்தேன், ரீச்சர். நன்றி.

அம்மம்மா மறுபடியும்: *நாங்கள் சொல்லாமல்தான் போனோம். வளர்த்த பிள்ளைகள் கெட்டா போய்விட்டார்கள்?*

இல்லை அம்மா, நல்லாத்தான் வந்திருக்கிறார்கள். அப்போது வீடு நிறைய ஆட்கள். ஒருவர் போனால் தூக்கிவைத்துக்கொள்ள சின்னம்மா, மாமா, பக்கத்து வீடு என்று இருந்தது. இப்போது உங்கள் பேத்திக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். ஐந்து நாள் நீங்கள் தனியாகச் சமாளிக்கப்போகிற பிள்ளை உண்மை தெரிந்த பிள்ளையாக இருந்தால் உங்களுக்குத்தான் சுகம். "அம்மா கடைக்குப் போட்டா, இப்ப வருவா" என்று ஐந்து நாளும் பொய் சொல்லிச் சமாளிப்பதற்கு என்ன பாடு!

அதற்குப் பிறகும் சகுனம் பற்றி ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். எனக்குத் தெரியாத துறை, கோயில் ஐயரிடம் கேளுங்கள்.

உப்புவெளியிலிருந்து: நான் போனால் கணவர் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் போன் எடுக்கிறார். கூட்டத்தில் இருக்கும்போது "மகளின் டை எங்கே?" என்று.

முதலில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவரையும் சேர்த்துவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு "நாளைக்கு பிரிஸ்டல் போட், பச்சை" என்று வரும் செய்தி பார்சிலோனாவில் இருப்பவருக்கு எதற்கு? ரியூசன் சேர், ஸ்கூல் வான்காரர், பக்கத்து வீட்டு அக்கா மூன்று பேரின் எண்ணும் அவர் போனில் இருக்கட்டும். காய்ச்சல் மருந்துப் போத்தலில் பிள்ளையின் எடைக்கு வைத்தியர் சொன்ன அளவை எழுதி ஒட்டுங்கள், ஆளுக்கு ஒரு போத்தல். அவ்வளவுதான். டை கிடைக்காவிட்டால் ஒரு நாள் டை இல்லாமல் போகட்டும். அவர் புட்டுக்குப் பதிலாக மூன்று நாள் பாணும் பருப்பும் கொடுத்தால் அதையும் விசாரிக்காதீர்கள். நீங்கள் இல்லாத நாட்களில் வீட்டை நடத்துகிறவர் அவர்தான், நீங்கள் தொலைவில் இருந்து ஆட்டி வைக்கப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வேலை கெடும்.

உங்கள் இலங்கை எண்ணில் ரோமிங்கை இங்கேயே போட்டுக்கொண்டு போங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். மின்சாரக் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் முழிப்பார்கள்.

சல்லியிலிருந்து: ஜெர்மனியில் அண்ணா இருக்கிறார். வேலையாகப் போகும்போது கருவாடு கொண்டுபோக விடுவார்களா?

விடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்தப் பாவனைக்கு மீன் வகை 20 கிலோ வரை அனுமதி. இறைச்சியும் பாலும்தான் கூடாது. கறிவேப்பிலை, மாம்பழம் சான்றிதழ் இல்லாமல் போகாது, தேங்காய் போகும். ஆனால் கருவாட்டையும் கூட்டத்துக்குப் போடும் கோட்டையும் ஒரே சூட்கேஸில் வைக்காதீர்கள். எத்தனை பொலித்தீன் சுற்றினாலும் அந்த மணம் வெளியே வரும்.

துபாய்க்குக் கசகசா?

கனவிலும் வேண்டாம், அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. கோடீன், ட்ரமடோல் உள்ள மாத்திரைகளும் அப்படித்தான். வைத்தியர் தந்தது என்றாலும் முன் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி மனம் வருகிறது?

இதே வேலை பார்க்கும் என் கூட்டாளி ஆணிடம் கேட்டீர்களா?

பெரியகடையிலிருந்து: திரும்பி வந்தால் மகன் என்னைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

கோபம். அது நல்ல கோபம், இரண்டு நாளில் போய்விடும். சாமானைக் காட்டி வாங்கப் பார்க்காதீர்கள். பெட்டியைத் திறக்கும்போது தானாக வந்து உட்காருவான். அடுத்த நாளே அலுவலகத்துக்கு ஓடாமல் முடிந்தால் ஒரு நாள் லீவு போட்டுப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள்.

கன்னியாவிலிருந்து: நடுச்சாமம் வான் பேசியாயிற்று, சாரதி பழக்கமான ஆள், பயமில்லை என்கிறார். பவர் பேங்க் பற்றியும்...

சாரதிக்குப் பழக்கம்தான், யானைக்கு அவரைப் பழக்கமில்லை. நேரத்தை மாற்றுங்கள். பவர் பேங்க் கைப்பையில். டிக்கெட் விலை கேட்ட மற்ற நாலு பேரும் முகவரிடம் கேளுங்கள்.