லாக்கைப் படிக்காத கிழவர்

அன்புள்ள ஐயா,

நான் அரசியல் அறிவியல் முதுகலை மாணவி. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், பிரான்சின் மாண்டெஸ்க்யூ ஆகியோரின் சிந்தனையிலிருந்து அமெரிக்க ஜனநாயகம் பிறந்தது என்பது எங்கள் பாடம். தேர்வில் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் புத்தகத்தைப் படித்துவிட்டா ஒரு மக்கள்கூட்டம் தன்னைத்தானே ஆளத் தொடங்கும்? இன்னொன்று, ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார் என்று அறிந்ததிலிருந்து அந்த வாக்கியத்தின் மீதே நம்பிக்கை போய்விட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

உங்கள் முதல் கேள்விக்கு ஒரு கிழவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். லெவி பிரஸ்டன் என்று பெயர். 1775 ஏப்ரல் 19, பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரின் முதல் நாளில், மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் ஊரிலிருந்து சண்டைக்குப் போனவர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்த அவரிடம் மெல்லன் சேம்பர்லின் என்ற இளைஞர் ஏன் போனீர்கள் என்று கேட்டார். பிரிட்டன் விதித்த முத்திரை வரியா? முத்திரைத்தாளை நான் பார்த்ததே இல்லை. தேயிலை வரியா? ஒரு சொட்டும் குடித்ததில்லை. அப்படியென்றால் லாக்கைப் படித்திருப்பீர்கள்? அந்தப் பெயரையே கேட்டதில்லை. நாங்கள் படித்ததெல்லாம் பைபிள், ஞானோபதேசம், துதிப்பாடல்கள், பஞ்சாங்கம். பின்னே எதற்குத்தான் போனீர்கள்? எங்களை நாங்களே ஆண்டுவந்தோம், அப்படியே இருக்க நினைத்தோம், அவர்கள் அதற்கு விடவில்லை.

சேம்பர்லின் இதைப் பல ஆண்டுகள் கழித்தே அச்சிட்டார். சொற்களில் அவர் கை பட்டிருக்கலாம். ஆனால் நடந்த வரலாறு பிரஸ்டனின் பக்கம்தான் நிற்கிறது.

மாசசூசெட்ஸ் ஒரு வணிகக் கம்பெனியாகத் தொடங்கியது. 1629-ல் அரசர் கொடுத்த சாசனத்தின்படி அதற்குப் பங்குதாரர்கள் உண்டு, அவர்கள் தேர்ந்தெடுக்கும் கவர்னர் உண்டு, ‘ஜெனரல் கோர்ட்’ என்ற பங்குதாரர் கூட்டமும் உண்டு. அடுத்த ஆண்டு கப்பலேறியபோது அந்தச் சாசனத்தையே கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் கடல் கடந்து குடியேற்றத்துக்கே வந்து சேர்ந்தது, பங்குதாரர் கூட்டம் சட்டமன்றமாக வளர்ந்தது. இன்றும் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் பெயர் ஜெனரல் கோர்ட்தான். நம் சென்னையை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியும் இப்படி ஒரு சாசனத்தில் பிறந்ததுதான். அதன் பங்குதாரர் கூட்டம் கடைசிவரை லண்டனை விட்டு நகரவில்லை. கோட்டைக்கு உத்தரவுகள் அங்கிருந்தே வந்தன. இந்த வேறுபாட்டைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

சட்டமன்றத்துக்குக் கீழே ஊர்க்கூட்டங்கள் இருந்தன. சாலை, வேலி, மேயும் பன்றி, பள்ளி ஆசிரியரின் சம்பளம் என்று அங்கே பேசியதெல்லாம் சில்லறை விஷயங்கள். வாக்களித்தவர்களும் சொத்துள்ள ஆண்கள்தான். ஆனாலும் நூற்றாண்டுக்கும் மேலாக, ஆண்டுதோறும் கூடி, கைதூக்கி, ஊர் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, வரியைத் தாங்களே விதித்துப் பழகியவர்கள். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியதற்கு 1774-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கொடுத்த தண்டனைகளில் ஒன்று, ஊர்க்கூட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறைக்குமேல் கவர்னர் அனுமதியில்லாமல் கூட்டக்கூடாது என்பது. பிரஸ்டன் ‘விடவில்லை’ என்றது இதைத்தான்.

அப்படியென்றால் லாக் வீணா? இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது.

1773 ஜனவரியில், மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியில் ஷெஃபீல்ட் என்ற ஊர்க்காரர்கள் ஒரு தீர்மானம் தயாரித்தார்கள். இயற்கை நிலையில், அதாவது அரசு என்று ஒன்று வருவதற்கு முன், மனிதர்கள் ஒருவருக்கொருவர் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், யாருக்கும் கட்டுப்படாதவர்கள் என்று அதில் எழுதினார்கள். லாக்கின் குரல்தான், சந்தேகமில்லை. அது எழுதப்பட்டது ஜான் ஆஷ்லி என்பவரின் வீட்டில். அந்த வீட்டில் பெட் என்ற கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1778-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றமே எழுதிக்கொடுத்த ஓர் அரசியல் சாசனத்தை ஊர்க்கூட்டங்கள் நிராகரித்தன. பிறகு அதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எழுதி, ஊர் ஊராக விவாதித்து, 1780-ல் புதிய சாசனம் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பிரிவு, எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்கிறது. அந்த வாக்கியம் பெட்டின் காதில் விழுந்தது. அவர் தியடோர் செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போனார். ஷெஃபீல்ட் தீர்மானத்தை எழுதியதில் பங்குகொண்ட அதே செட்ஜ்விக். 1781 ஆகஸ்டில் கிரேட் பேரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரி, பெட் ஆஷ்லியின் அடிமையல்ல என்று தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 30 ஷில்லிங். ஆஷ்லி மேல்முறையீட்டைக் கைவிட்டார். பெட் தன் பெயரை எலிசபெத் ஃப்ரீமன் என்று வைத்துக்கொண்டார்.

பிரஸ்டனுக்கு லாக் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவரைப் போன்றவர்களுக்கு ஊர்க்கூட்டத்தில் ஏற்கெனவே இடம் இருந்தது. பழக்கம் அவர்களைக் காத்தது. ஃப்ரீமனுக்கு அந்தப் பழக்கத்தில் பங்கே கிடையாது. அவர் கையில் இருந்தது காதில் விழுந்த ஒரு வாக்கியம் மட்டும். அதனால்தான் அந்த வாக்கியத்தை நம்பாமலிருக்க என்னால் முடியவில்லை, எழுதியவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்தாலும்.

அது எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. வர்ஜீனியாவில் 1619 ஜூலையில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் முதல் பிரதிநிதிகள் சபை கூடியது. அடுத்த மாதமே இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டார்கள். 1787-ன் அமெரிக்கக் கூட்டாட்சி அரசியல் சாசனம், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட, அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணியது. 1790-ன் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடெங்கும் ஏறத்தாழ 7 லட்சம் அடிமைகள். ஃப்ரீமன் வாழ்ந்த மாசசூசெட்ஸில் மட்டும் அடிமைகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதியிருக்கிறது.

தேர்வில் லாக்கின் பெயரைத் தாராளமாக எழுதுங்கள். இடம் இருந்தால் அந்த வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்ணைப் பற்றியும் எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் எனக்கு எழுதுங்கள், பேசுவோம்.

அன்புடன்