உழுதவனும் உழந்தவனும்

கேள்வி: ‘உழு’ என்ற வினையிலிருந்துதான் ‘உழைப்பு’ பிறந்தது, எனவே ஏர் பிடிக்காதவன் உழைப்பாளியே இல்லை என்று ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் முழங்கினார். ‘உழந்தும் உழவே தலை’ என்று வள்ளுவரையும் சாட்சிக்கு அழைத்தார். அவர் சொன்னது சரிதானா?

பதில்: கைதட்டல் வாங்குவதற்குச் சரி. ஆனால் அவர் அழைத்த சாட்சியே அவருக்கு எதிராகப் பேசுகிறது. அந்தக் குறளில் (1031) ‘உழந்தும்’ என்பதற்கு ‘உழுதும்’ என்று பொருள் இல்லை, ‘உடல் வருந்தியும்’ என்று பொருள். உழு என்றால் உழுதான், உழ என்றால் உழந்தான். உழைப்பவன் உழைத்தான், உழல்பவன் உழன்றான். நான்கும் நான்கு வினைகள். முதல் இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், ‘உழுதாலும் உழவே சிறந்தது’ என்று வள்ளுவர் எழுதியதாக ஆகிவிடும். ஏழு சீரில் ஒரு சீரைக்கூட வீணாக்காத மனிதர் அவர்!

அடுத்து, ஏர். உழுவதற்கு ஏர் வேண்டும் என்ற கட்டாயமே பழந்தமிழில் இல்லை. மண்ணைக் கிளறிப் புரட்டினால் போதும், அது உழுவதுதான். புறநானூற்றின் 168ஆம் பாட்டில் ‘கடுங்கண் கேழல் உழுத பூழி’ வருகிறது. கேழல் என்றால் காட்டுப்பன்றி, பூழி என்றால் புழுதி. அந்தப் புழுதியில்தான், நல்ல நாளும் ஈரப்பதமும் பார்த்து, குறவர்கள் ‘உழாஅது வித்திய’ தினை விளைகிறது. உழுதது பன்றி, விதைத்தது குறவர். இதில் உழைப்பாளி யார் என்று உங்கள் பேச்சாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

வள்ளுவர் இன்னொரு குறளில் (872) மண்ணையே விட்டுவிடுகிறார். வில்லை ஏராகக் கொண்ட வீரர் ‘வில்லேர் உழவர்’, சொல்லை ஏராகக் கொண்டவர் ‘சொல்லேர் உழவர்’. அந்தக் கணக்கில் பட்டிமன்றக்காரரும் உழவர்தான். அவர்களைப் பகைத்துக்கொள்ளாதே என்றும் அதே குறள் சொல்கிறது, நான் கேட்கவில்லை.

பிறப்பைக் கேட்டால், உழு நம் திராவிட மொழிக் குடும்பத்துப் பழைய சொல். மலையாளத்தில் இன்றும் ‘உழுக’. பழைய கன்னடத்தில் இருந்த ‘உழு’, ழகரம் போய் இன்று ‘உளு’. தெலுங்குக்காரர்களின் ‘துன்னு’ வேறு சொல் போலத் தோன்றினாலும், அதுவும் இதே வேரிலிருந்து உருமாறி வந்ததுதான்.

நம் பேச்சிலும் இந்த வினை குறைந்துகொண்டுதான் வருகிறது. ‘நிலத்தை உழுதாச்சா?’ என்று கேட்பவர்களைவிட ‘உழவு ஓட்டியாச்சா?’ என்று கேட்பவர்களே அதிகம். மாடு பூட்டிய காலத்தில் வந்த ‘ஓட்டு’, டிராக்டருக்கும் சிரமமில்லாமல் பொருந்திவிட்டது.