மூன்றாவது வருஷமும் கம்யூனிட்டி காலேஜா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். மகன் கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் கல்லூரி) இரண்டாம் வருஷம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. யூசிக்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, மாறத் தேவையான 60 யூனிட் (பாட அளவு) மே மாதம் முடிந்துவிடும். ஆனால் கால்குலஸை ஒரு தடவை டிராப் செய்து மறுபடி எடுத்ததால், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும் ஃபிசிக்ஸில் ஒரு பாடமும் பாக்கி நிற்கும். இந்த நவம்பரிலேயே யூசிக்கு அப்ளை செய்யலாமா? இன்னொரு வருஷம் இங்கேயே இருந்தால் பணம் மிச்சமா? சொந்தக்காரர்கள் "இன்னும் அங்கேயேதானா?" என்று கேட்பது வேறு மனதை அரிக்கிறது.

பதில்: இன்னொரு வருஷம் இருக்கட்டும் அம்மா. ஆனால் மிச்சம் என்ற கணக்கை வேறு மாதிரி போட வேண்டும். மூன்றாவது வருஷம் இங்கே படிப்பதால் யூசியின் இரண்டு வருஷம் குறையாது. வேலைக்குப் போவது ஒரு வருஷம் தள்ளும், அந்த வருஷச் சம்பளம் நஷ்டம்தான். பாக்கிப் பாடங்கள் அங்கே போய் வழியை அடைக்குமானால் மட்டுமே இந்த நஷ்டம் தாங்கத் தக்கது. உங்கள் மகனுக்கு அடைக்கும் என்றே நினைக்கிறேன்.

என் மகள் விஷயத்தில் நாங்கள் இதில்தான் தவறினோம். 60 யூனிட் வந்ததும் யூசிக்கு அனுப்பிவிட்டோம். ஒரே ஒரு கணக்குப் பாடம் பாக்கி. அதை அங்கே முடித்த பிறகுதான் அடுத்த பாடம். அந்த அடுத்த பாடமோ வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். இரண்டு வருஷம் என்று போட்ட திட்டம் மூன்றைத் தொட்டது. கடைசி மாதங்களுக்கு வாடகைச் செக் எழுதும்போதெல்லாம், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே முடித்திருக்கலாமே என்று தோன்றும்.

இங்கே ஒரு யூனிட் 46 டாலர். இரண்டு பாடமும் சேர்த்து பத்து யூனிட் போனாலும் 460 டாலர். முதல் இரண்டு வருஷம் காலேஜ் பிராமிஸ் என்ற கட்டணச் சலுகையில் கட்டணமே இல்லாமல் படித்திருந்தால், மூன்றாவது வருஷம் அது கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். யூசியில் வளாகத்திலேயே தங்கினால், படிப்புக் கட்டணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 40,000 டாலரைத் தாண்டும்.

முடிவெடுக்கும் முன், மாறுவதற்கு எந்தப் பாடங்கள் தேவை என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில், மகன் விரும்பும் யூசி வளாகத்தையும் மேஜரையும் (முக்கியப் பாடத்தையும்) போட்டுப் பாருங்கள். வளாகத்துக்கு வளாகம் பட்டியல் மாறும். அந்த இரண்டு பாடங்களும் கட்டாயம் என்று இல்லாத வளாகம் ஒன்று அவனுக்குப் பிடித்திருந்தால், இந்த நவம்பரிலேயே அங்கே போடலாம். பெர்க்லி கிடைக்காதா என்ற ஆசையில் மட்டும் ஒரு வருஷம் காத்திருப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இங்கேயே இன்னொரு வருஷம் இருந்தால், அந்த வருஷத்தைச் சும்மா பாடங்களால் நிரப்ப வேண்டாம். 70 யூனிட்டுக்கு மேல் போனால், பாடத்தை முடித்ததாக யூசி ஏற்கும், ஆனால் கூடுதல் யூனிட் பட்டத்துக்கான கணக்கில் சேராது. பாக்கிப் பாடங்களோடு பகுதி நேர வேலை போதும். அடுத்த செப்டம்பரில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றுக்கு 'டேக்' விண்ணப்பம் (நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடத்துக்கு உத்தரவாதம்) போடலாம். எல்லா மேஜருக்கும் அது கிடையாது, முதலில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: வருமான வரியில் கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் என்ற படிப்புச் செலவுச் சலுகை வருஷத்துக்கு 2,500 டாலர் வரை, ஒரு பிள்ளைக்கு நான்கு வரி வருஷங்கள் மட்டுமே. தம்பதி வருமானம் 1,80,000 டாலருக்குள் இருந்தால்தான் கைக்கு வரும். கட்டணம் குறைந்த இந்த வருஷங்களில் அதைச் செலவழித்துவிடாமல் யூசி வருஷங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.