கம்ப்யூட்டர் ஹேங் ஆனா எழுதின விடை போயிடுமா?

கேள்வி: சார், என் பொண்ணு ஜனவரியில இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு ஜேஇஇ மெயின் எழுதினா. சென்டர் நவி மும்பையில. கெமிஸ்ட்ரி பாதி போட்டிருக்கும்போது கம்ப்யூட்டர் ஹேங் ஆகி, வேற கம்ப்யூட்டர்ல உட்கார வெச்சிருக்காங்க. எழுதினதெல்லாம் போச்சுன்னு வாஷியில ரயில் ஏறினவ ஜிடிபி நகர் வர்ற வரைக்கும் அழுதா. ராத்திரி சாப்பிடவும் இல்ல. என்ன செய்யலாம்?

– ஒரு அம்மா, ஆன்டாப் ஹில், மும்பை

பதில்: முதல்ல அவளைச் சாப்பிட வைங்கம்மா. விடை போகலை. 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தின விடையெல்லாம் அப்பப்பவே சர்வருக்குப் போயிடும். ஹேங் ஆனது முன்னால இருந்த பெட்டி மட்டும்தான். தேர்ந்தெடுத்துட்டு சேவ் பண்ணாம விட்ட அந்த ஒரு கேள்வி வேணா போயிருக்கலாம்.

நேரம்தான் எனக்குக் கவலை. கோளாறுல போன நிமிஷங்களை சர்வர்ல சரிக்கட்டித் தரணும்னு, இந்தத் தேர்வை நடத்தற தேசியத் தேர்வு முகமையோட விதியே இருக்கு. ஆனா கோளாறுன்னு நாம சொன்னாத்தானே? மாதுங்காவுல என்கிட்ட கணக்கு டியூஷன் படிச்ச பையன் ஒருத்தன், மவுஸ் நின்னுபோய் 10 நிமிஷம் வயரைப் பிடுங்கறதும் சொருகறதுமா உட்கார்ந்திருக்கான். ஏண்டா கூப்பிடலைன்னா, "இந்தியில எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன் சார்"ங்கறான்! கையைத் தூக்க எந்த பாஷை வேணும், சொல்லுங்க.

உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு கேளுங்க. திரையில வலது பக்கம் மேல மீதி நேரம் ஓடுமே, மாறி உட்கார்ந்ததும் அது எவ்வளவு காட்டிச்சு? குறைஞ்சிருந்தா ஷிப்ட், சீட் நம்பர், மாத்தின நேரம் எல்லாத்தையும் ஞாபகம் இருக்கும்போதே எழுதி, விண்ணப்ப எண்ணோட முகமைக்கு மெயில் போடுங்க. ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். தற்காலிக விடைக்குறிப்பு வரும்போது அவ பதிவு பண்ணின விடைகளும் அவ லாகின்லயே தெரியும். 75 கேள்வியையும் பார்த்து டவுன்லோட் பண்ணிக்கோங்க. சில நாள்தான் திறந்திருக்கும். அங்க கேள்விக்கு 200 ரூபாய் கட்டச் சொல்றது விடைக்குறிப்பே தப்புன்னு வாதாடறவங்களுக்கு. உங்க விஷயத்துக்கு அது வேண்டாம்.

ஏப்ரலுக்கும் விண்ணப்பம் போட்டுடுங்க. ரெண்டுல எது அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுத்துப்பாங்க. அப்போ திரை லேசா திணறினாலும் கையைத் தூக்கிட்டு, மீதி நேரத்தை ரஃப் ஷீட் மூலையில குறிச்சுக்கச் சொல்லுங்க. திரையில ஓரமா இருக்கிற கேள்வி நம்பரை அழுத்தி நேரா தாவற பழக்கம் இருந்தா அதையும் விடச் சொல்லுங்க. அப்படித் தாவினா முந்தின விடை சேவ் ஆகாது. கம்ப்யூட்டர் நல்லா ஓடும்போதே பல பேர் இதுலதான் மார்க்கை விடறாங்க.