வில்லாக வளைந்த பார்ஜெல்லோ

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கும் மாமியாருக்கு மடியில் போட்டுக்கொள்ள, பார்ஜெல்லோ முறையில் (வண்ணப் பட்டைகளை இணைத்து, குறுக்கே வெட்டி, தள்ளித் தள்ளித் தைத்து அலை வடிவம் கொண்டுவருவது) போர்வை தைக்கிறேன். ஆன்லைனில் ‘ரெடி கட் கிட்’ வாங்கினேன். 10 நிறங்கள், 2½ இன்ச் அகலத்தில் 20 பட்டைகள், இலவசமாக இன்னொன்று. 21-ஐயும் இணைத்ததும் துணி வில்லாக வளைந்துவிட்டது. விற்றவரைக் கேட்டால் மிஷின் சரியில்லை என்கிறார். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? - ஒரு வாசகி

பதில்: மிஷினை விடுங்கள். துணியை மேசையில் விரித்து, வெளி ஓரத்தை மேசை விளிம்போடு ஒட்டி வைத்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராக வளைந்திருந்தால் அது தையலால் வந்தது. எல்லாப் பட்டையையும் ஒரே பக்கத்திலிருந்து தைத்திருப்பீர்கள். மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போயிருக்கும். வளைவு அரை இன்ச்சுக்குள் என்றால் ஆவி விட்டு அயர்ன் செய்தாலே போதும். அயர்ன் பெட்டியை இழுக்காமல், அழுத்தி அழுத்தி எடுங்கள். அதற்கு மேல் என்றால் ஒன்று விட்டு ஒரு தையலை மட்டும் பிரித்து, ஜோடி ஜோடியாக எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பத் தையுங்கள்.

நடுவில் மட்டும் முழங்கை மாதிரி மடங்கியிருந்தால் குற்றம் உங்களுடையதல்ல. மடித்த துணியை மடிப்புக்குச் செங்குத்தாக வெட்டாமல் அவசரத்தில் வெட்டினால் ஒவ்வொரு பட்டையும் நடுவில் ஒடியும். எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் அது நிமிராது. அந்த மடிப்பிலேயே துணியை இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

எனக்கு எரிச்சல் இந்த கிட் வியாபாரத்தின் மேல்தான். கடையில் கால் மீட்டர் கேட்டால் "ஒரு மீட்டருக்குக் குறையாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால்தான் நாம் கிட்டிடம் போய் விழுகிறோம். உண்மையில் 10 நிறத்தில் கால் கால் மீட்டர், மொத்தம் இரண்டரை மீட்டர் துணி வாங்கினாலே இதற்குத் தாராளம். ‘ப்யூர் காட்டன்’ என்ற அச்சையும் நம்பாதீர்கள். நாலு நூலை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல். உருகி மணியாக இறுகினால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. அதில் சூடான அயர்ன் வைத்தால் சுருங்கும்.

அந்த இலவசப் பட்டைதான் உங்களுக்கு வந்த இரண்டாவது வம்பு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பார்ஜெல்லோவில் முதல் பட்டையையும் கடைசிப் பட்டையையும் இணைத்துத் துணியைக் குழாயாக்குகிறோம். அதற்கு முன், தையலுக்குள் இருக்கும் துணியை எல்லா இடத்திலும் ஒற்றைப்படைப் பட்டையின் பக்கம் (1, 3, 5…) மடித்து அயர்ன் செய்ய வேண்டும். பிறகு குழாயைக் குறுக்கே வெட்டி எடுக்கும் ஒவ்வொரு வளையத்தையும் ஒரு பட்டை தள்ளி வைக்கும்போது, பக்கத்துத் தையல்கள் எதிரெதிர்த் திசையில் மடிந்து ஒன்றோடொன்று பூட்டு மாதிரி உட்காரும். 20 பட்டை என்றால் இது பிசகாது. 21 என்றால் 21-உம் 1-உம் சேருகிற இடத்தில் இரண்டுமே ஒற்றைப்படை. மடிப்பு எந்தப் பக்கம் போனாலும் பக்கத்து வளையத்தில் எங்காவது தடித்து முட்டும். அந்த இலவசத்தைப் பிரித்து எறியுங்கள். 19-ஆனாலும் இதே தொல்லைதான். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி வெட்டுவது. குழாயைத் தட்டையாகப் போட்டு, ஸ்கேலின் கோடு தையலோடு ஒட்டி வருகிறதா என்று பார்த்து, குறுக்கே 3, 2½, 2, 1½, 1½, 2, 2½, 3 இன்ச் அகலத்தில் வளையங்களாக வெட்டுங்கள். மூன்று வளையத்துக்கு ஒருமுறை ஓரத்தைப் புதிதாக நேராக்குங்கள். மிச்சமுள்ள வளைவை அது தின்றுவிடும். இதே வரிசை இரண்டு முறை. முதல் எட்டு வளையங்களில், ஒவ்வொன்றையும் முந்தையதைவிட ஒரு பட்டை மேலே உள்ள தையலில் பிரியுங்கள். அடுத்த எட்டில் ஒவ்வொரு பட்டையாகக் கீழே இறங்குங்கள். பிரித்தவற்றை அதே வரிசையில் பக்கம் பக்கமாகத் தைத்தால் அலை தானாக வரும். குறுகிய வளையங்கள் இருக்கும் இடத்தில் அலை செங்குத்தாக ஏறும், அகன்றவை வருமிடத்தில் சரியும். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்து பார்ஜெல்லோ மாளிகையில் உள்ள 17-ஆம் நூற்றாண்டு நாற்காலிகளின் பூத்தையல் இந்தத் தீநாக்கு வடிவம்தான். பெயர் அங்கிருந்து வந்தது.

கால் இன்ச் தையல் சரியாக வந்ததா என்று இப்போது பதறாதீர்கள். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் எல்லா வளையமும் ஒரே குழாயிலிருந்து வருவதால் உயரம் ஒன்றாகவே இருக்கும்.

முடிந்தால் சுமார் 28 × 40 இன்ச் வரும். சுற்றிலும் பார்டர் வைக்கும் முன் மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்துவிடுங்கள். 40 போதுமென்றால் மேலும் கீழும் பார்டர் வேண்டாம். பக்கங்களிலும் சக்கரக் கம்பியில் மாட்டாத அளவோடு நிறுத்துங்கள்.